அணுகுண்டுக்கு விலை சொன்ன விஞ்ஞானி: ஹோமி பாபாவின் வாழ்வும் இந்தியாவின் தேர்வும்

மும்பை: இந்தியா அணுகுண்டு தயாரித்தால் எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு, 1964 அக்டோபர் 24 அன்று அகில இந்திய வானொலியில் ரூபாய்க் கணக்கில் விடை சொல்லப்பட்டது. 10 கிலோ டன் ஆற்றல் கொண்ட ஒரு வெடிப்புக்கு ரூ.17.5 லட்சம், அத்தகைய 50 குண்டுகளுக்கு ரூ.10 கோடிக்கும் குறைவு. 2 மெகா டன் ஆற்றல் கொண்ட ஹைட்ரஜன் குண்டுகள் 50 என்றால் ரூ.15 கோடி. சீனா தனது முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்து அப்போது எட்டு நாட்களே ஆகியிருந்தன.

அந்த உரையை நிகழ்த்தியவர் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. ஐக்கிய நாடுகள் தினத்தையொட்டி நிகழ்ந்த அந்த உரையில், உலக நாடுகள் ஆயுதக் குறைப்பை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். ஆயினும் கேட்டவர்களின் மனத்தில் பதிந்தது அந்த விலைப்பட்டியல்தான்.

ஒரு நாடு அணு ஆயுதத்தை நாடுவதற்கு எதிரி நாட்டின் மீதுள்ள அச்சமே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இந்தியாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. சீனாவின் குண்டு வெடித்த நாளில், குண்டுக்குத் தேவையான புளூட்டோனியத்தை உருவாக்கும் உலையும், அதனைப் பிரித்தெடுக்கும் ஆலையும் மும்பையை அடுத்த டிராம்பேயில் ஏற்கெனவே இருந்தன. அச்சம் வருவதற்கு முன்பே திறன் வந்து சேர்ந்திருந்தது. அந்தத் திறனை இருபது ஆண்டுகளில் கட்டியெழுப்பிய மனிதரின் வரலாறு, நாடுகள் இத்தகைய முடிவுகளை எப்படி எட்டுகின்றன என்பதைச் சற்று அருகிலிருந்து காட்டுகிறது.

பொறியாளராக வேண்டியவர்

1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் வசதி மிக்க பார்சி குடும்பமொன்றில் பாபா பிறந்தார். தந்தை வழக்கறிஞர். அத்தை மெஹர்பாய், ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடாவின் மனைவி. கேம்பிரிட்ஜில் இயந்திரப் பொறியியல் கற்றுத் திரும்பி ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணியேற்க வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். 1927-இல் அங்கு சென்ற இளைஞரோ இயற்பியலின் மீது காதல் கொண்டார். பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால் கணிதமும் இயற்பியலும் பயிலலாம் என்று தந்தை இசைந்தார். 1930-இல் மகன் அந்த நிபந்தனையை நிறைவேற்றினார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் பெற்ற புகழ் முற்றிலும் கோட்பாட்டு இயற்பியல் சார்ந்தது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் நிகழ்வை அவர் கணித்த முறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் துகள் மழையாகப் பெருகுவதை ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ஹைட்லருடன் இணைந்து 1937-இல் விளக்கினார்.

1939-இல் விடுமுறைக்காக இந்தியா வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்து திரும்ப வழியில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சி.வி. ராமன் தலைமையிலிருந்த இயற்பியல் துறையில் பணியேற்றார். 1941-இல், 31 வயதில், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போர் முடிந்ததும் ஐரோப்பா திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அந்தப் பெங்களூரு ஆண்டுகளில் கரைந்துபோனது.

1944 மார்ச் 12 அன்று சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு அவர் எழுதிய கடிதம் இந்திய அறிவியல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. அடிப்படை இயற்பியலுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, வல்லுநர்களுக்காக இந்தியா வெளிநாடுகளை எதிர்பார்க்கும் நிலை இருக்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஹிரோஷிமாவின் மீது குண்டு விழ அப்போது ஓராண்டுக்கும் மேல் இருந்தது. நாடு விடுதலை பெற மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945 ஜூனில் பெங்களூருவில் தொடங்கப்பட்டு, அந்த ஆண்டின் இறுதிக்குள் மும்பைக்கு மாறியது.

பிரதமருக்கு அருகே ஓர் அறிவியலாளர்

பாபாவும் ஜவாஹர்லால் நேருவும் ஒருவரையொருவர் எளிதில் புரிந்துகொண்டவர்கள். இருவரும் கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள்; நவீன அறிவியலே வறுமையிலிருந்து நாட்டை மீட்கும் என்று நம்பியவர்கள். அந்த நெருக்கம் இந்திய நிர்வாகத்தில் வேறெங்கும் காணாத ஓர் ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது.

1948 ஏப்ரலில் அணுசக்திச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம் அமைந்தது. பாபா தலைவர், சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். 1954-இல் அணுசக்தித் துறை தனியே உருவாக்கப்பட்டபோது அதன் செயலாளர் பதவியும் பாபாவிடமே வந்தது. துறையின் அமைச்சர் பிரதமரே. தலைமையகம் டெல்லியில் அமையவில்லை, மும்பையில் அமைந்தது. திட்டத்தை வகுப்பவரும், அதற்கு நிதி கோருபவரும், அதன் முன்னேற்றத்தைப் பிரதமருக்கு எடுத்துரைப்பவரும் ஒருவராகவே இருந்தனர்.

1948 சட்டம் இத்துறையின் மீது கடுமையான இரகசியத் திரையை விரித்தது. அரசியல் நிர்ணய சபையில் எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். பிரிட்டனில் இத்தகைய இரகசியம் பாதுகாப்பு தொடர்பான பணிகளுக்கு மட்டுமே பொருந்தும்போது, ஆக்கப் பணிக்கென்றே சொல்லப்படும் இந்திய ஆய்வுக்கு அது எதற்கு என்பது அவர் வாதம். ஆக்கத்தையும் ஆயுதத்தையும் இங்கே எப்படிப் பிரித்தறிவது என்று தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு மறுமொழி கூறினார். நாடு நிர்ப்பந்திக்கப்பட்டால் நல்லெண்ணங்கள் மட்டுமே அதைத் தடுத்துவிடா என்பதையும் அவர் மறைக்கவில்லை. பின்னாளில் இந்தியாவின் அணு வரலாறு முழுவதும் இந்த ஒரு விவாதத்தின் விரிவுரை போலவே தோன்றும்.

இதே நேருதான் 1954 ஏப்ரலில், பசிபிக்கில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையை அடுத்து, அணு வெடிப்புச் சோதனைகள் அனைத்தையும் நிறுத்திவைக்க வேண்டும் என்று உலகுக்கு அழைப்பு விடுத்தார். இரண்டையும் ஒருசேர நம்பியவர் அவர். அமெரிக்க அணு ஆயுதத் திட்டத்தில் பணியாற்றிய தளபதி கென்னத் நிக்கல்ஸ், 1960-இல் தாம் உடனிருந்த ஒரு சந்திப்பைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார். அணுகுண்டு தயாரிக்க முடியுமா என்று பாபாவிடம் நேரு கேட்டதாகவும், ஏறத்தாழ ஓராண்டில் முடியும் என்று பாபா சொன்னதாகவும், தாம் சொல்லும்வரை அதைச் செய்யக்கூடாது என்று நேரு முடித்துக்கொண்டதாகவும் அதில் உள்ளது.

டிராம்பேயில் எழுந்தவை

1956 ஆகஸ்ட் 4 அன்று டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தை விடுத்துப் பார்த்தால் ஆசியாவின் முதல் அணு உலை அது. எரிபொருள் பிரிட்டனிடமிருந்து வந்தது. உலையைக் கட்டியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். முந்தைய ஆண்டு ஜெனீவாவில் கூடிய அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு குறித்த முதல் சர்வதேச மாநாட்டுக்கு பாபாவே தலைமை வகித்திருந்தார்.

அவர் வகுத்த நெடுந்திட்டம் மூன்று கட்டங்களைக் கொண்டது. இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியமோ மிகுதி. கேரளத்தின் சவரா, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி ஆகிய கடற்கரைகளின் மோனசைட் மணலில் அது கலந்து கிடக்கிறது. முதலில் இயற்கை யுரேனியத்தில் இயங்கும் உலைகள், அவற்றில் உண்டாகும் புளூட்டோனியத்தைக் கொண்டு அதிவேக ஈனுலைகள், இறுதியில் தோரியம். மின்சாரத்துக்கான இந்தத் திட்டத்தில் புளூட்டோனியம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஏறும் படி. குண்டுக்கும் அதே புளூட்டோனியம்தான் மூலப்பொருள். பாபா இதை அறியாதவர் அல்லர்.

1956-இல் கனடாவுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 40 மெகாவாட் ஆய்வு உலையைக் கனடா வழங்கியது. அதற்கான கனநீரை அமெரிக்கா தந்தது. ஆக்கப் பணிகளுக்கே பயன்படுத்தப்படும் என்ற வாக்குறுதியை இந்தியா அளித்தது. அந்த வாக்குறுதி காக்கப்படுகிறதா என்று நேரில் வந்து சோதிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. சைரஸ் எனப் பெயர் பெற்ற அந்த உலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டு எரிபொருளோடு வெளிநாட்டுக் கட்டுப்பாடும் வந்து சேரும் என்பதால், எரிபொருளை டிராம்பேயிலேயே தயாரிப்பதில் பாபா உறுதியாக இருந்தார்.

1956-இல் நியூயார்க்கில் சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளை வகுக்கக் கூடிய மாநாட்டிலும் அவர் நிலைப்பாடு இதுவே. உதவி பெறும் நாடுகளை மட்டும் கண்காணித்து, உதவி தேவைப்படாத வல்லரசுகளை விட்டுவிடும் முறை நாடுகளை இரு சாதிகளாகப் பிரிக்கும் என்று அவர் வாதிட்டார். பின்னர் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை எதிர்த்து இந்தியா முன்வைத்த வாதத்தின் வித்து இங்கே இருக்கிறது.

கதிரியக்கம் மிகுந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு 1958-இல் ஒப்புதல் கிடைத்தது. அப்போது நாட்டில் ஒரே ஓர் அணுமின் நிலையம்கூட இல்லை. புளூட்டோனியத்தை எரிபொருளாகக் கொள்ளும் ஈனுலை வெகுதூரத்தில் இருந்தது. ஹோமி சேத்னாவின் பொறுப்பில் கட்டப்பட்ட அந்த ஆலை 1964-இல் செயல்படத் தொடங்கியது. மின்சாரத் திட்டத்துக்காக இத்தனை முன்கூட்டியே அதைக் கட்ட வேண்டிய தேவை என்ன என்ற கேள்விக்கு அன்றைய ஆவணங்கள் தரும் விடை நிறைவளிப்பதாக இல்லை. ஆயுதம் வேண்டும் என்று அன்று எவரும் முடிவெடுத்ததாகவும் சான்று இல்லை. கதவைத் திறந்தே வைத்திருப்பது என்ற முடிவு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

இந்தப் பணிகளுக்கிடையே மனிதர் ஓவியம் தீட்டினார். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆழ்ந்திருந்தார். கொலாபா கடற்கரையில் எழுந்த டாடா நிறுவனக் கட்டடத்தின் சுவருக்கு எம்.எஃப். உசேனின் பெரிய ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார். கட்டுமானத்துக்கு இடையூறாக நின்ற மரங்களை வெட்டவிடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

எண்களின் பின்னே

1962-இல் சீனாவுடன் நடந்த போரில் இந்தியா தோற்றது. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அக்டோபர் 16 அன்று லோப் நோர் பாலைவனத்தில் சீனாவின் குண்டு வெடித்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு லண்டனில் இருந்த பாபா, முடிவெடுத்த 18 மாதங்களுக்குள் இந்தியாவால் அணு வெடிப்பை நிகழ்த்த முடியும் என்று கூறியிருந்தார்.

வானொலியில் அவர் சொன்ன விலைகள் கற்பனையல்ல. மண்ணை அகழவும் கால்வாய் வெட்டவும் அணு வெடிப்புகளைப் பயன்படுத்துவோரிடம் எவ்வளவு கட்டணம் பெறலாம் என்று, அந்த ஆண்டு ஜெனீவாவில் நடந்த மூன்றாவது மாநாட்டில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தினர் ஒரு கட்டுரை சமர்ப்பித்திருந்தனர். எண்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டவை. இருபது ஆண்டுகளாகப் பெருந்தொழிற்சாலைகளை நிறுவி, நூற்றுக்கணக்கான சோதனைகளை முடித்துவிட்ட ஒரு நாடு தன் வெடிகருவிக்கு வைக்கும் விலை அது. உலைகள், பிரித்தெடுக்கும் ஆலைகள், சோதனைத் தளம், குண்டைச் சுமந்து செல்லும் விமானங்கள், ஏவுகணைகள் எதுவும் அதில் அடங்கவில்லை. உலைக்களமும் பட்டறையும் இல்லாதவரிடம் அரிவாளின் சந்தை விலையைச் சொல்வதற்கு ஒப்பானது இது.

ஆயினும் அரசியல் அரங்கில் அந்த எண்கள் வேலை செய்தன. குண்டு மலிவானது என்ற எண்ணம் நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் பரவியது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காந்திய வழியில் வந்தவர். உணவுத் தட்டுப்பாட்டால் நாடு தவித்த காலம் வேறு. காமராஜர் கட்சித் தலைவராக இருந்த அந்த நாட்களில், நவம்பரில் குண்டூரில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் குண்டு வேண்டும் என்ற குரல்கள் உரத்து எழுந்தன. மொரார்ஜி தேசாயும் கிருஷ்ண மேனனும் எதிர்த்தனர். பாபா சொன்னதைவிடப் பன்மடங்கு செலவாகும் என்று சாஸ்திரி வாதிட்டார். ஒரு பிரதமர் தம் அணுசக்தித் துறையின் தலைவர் பொதுவெளியில் வைத்த கணக்கை மறுக்க நேர்ந்தது; அந்தத் துறைக்கு அமைச்சர் அவரே என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நவம்பர் 27 அன்று மக்களவையில் ஜனசங்கம் கொண்டுவந்த குண்டு ஆதரவுத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. ஆனால் அதே விவாதத்தில் சாஸ்திரி ஒரு சிறு வாசலைத் திறந்தார். மலைகளைக் குடைவது போன்ற ஆக்கப் பணிகளுக்கான நிலத்தடி அணு வெடிப்புக்கு அவர் இடமளித்தார். வெளிப்பார்வைக்கு இது சமரசம். தொழில்நுட்ப நோக்கில், மலையைக் குடையும் அணுக்கருவிக்கும் நகரை அழிக்கும் குண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. 1965-இல் ராஜா ராமண்ணா தலைமையில் ஆய்வுக் குழு ஒன்று டிராம்பேயில் பணியைத் தொடங்கியது.

சாஸ்திரி மற்றொரு வழியையும் நாடிப் பார்த்தார். 1964 டிசம்பரில் லண்டன் சென்று, அணு ஆயுதம் இல்லாத நாடுகளுக்கு அணு வல்லரசுகள் பாதுகாப்பு உத்தரவாதம் தர இயலுமா என்று பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சனிடம் பேசினார். ஜப்பானுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் அமெரிக்கக் குடை இருந்தது. அவை சொந்தக் குண்டை நாடவில்லை. அணிசேராக் கொள்கையைக் கைவிடாமல் அத்தகைய குடையைப் பெற இந்தியாவால் முடியவில்லை.

1965 பிப்ரவரியில் வாஷிங்டனில் அமெரிக்க அதிகாரிகளைச் சந்தித்த பாபா பேசியது பாதுகாப்பைப் பற்றி மட்டுமல்ல. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிடையே சீனா பெற்றுவிட்ட மதிப்பை ஈடுசெய்ய, இந்தியாவுக்கும் கண்ணைக் கவரும் ஒரு சாதனை தேவை என்று அவர் எடுத்துரைத்தார். அறிவியலில் பின்தங்கிய நாடு என்ற பெயரைத் துடைப்பதே தம் வாழ்நாள் பணி என்று கருதிய ஒருவருக்கு, சீனா முந்திக்கொண்டது தனிப்பட்ட தோல்வியாகவும் தோன்றியிருக்கக்கூடும். எல்லையில் நிற்கும் படையைக் கண்டு வரும் அச்சம் ஒருபுறம். உலகப் பந்தியில் எந்த இடத்தில் இலை போடப்படுகிறது என்ற கவலை மறுபுறம். பாபாவிடம் இரண்டாவதே மேலோங்கியிருந்தது என்று எண்ண இடமுண்டு.

மாண்ட் பிளாங்க்

1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். ஜனவரி 24 அன்று இந்திரா காந்தி பிரதமராகப் பொறுப்பேற்றார். அதே நாள் காலை, மும்பையிலிருந்து புறப்பட்டு டெல்லி, பெய்ரூட் வழியாகச் சென்ற ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானம், ஜெனீவாவில் தரையிறங்கவிருந்த வேளையில் மாண்ட் பிளாங்க் மலையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த 117 பேரும் உயிரிழந்தனர். வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த பாபாவும் அவர்களில் ஒருவர். அவருக்கு வயது 56.

விமானம் மலையைக் கடந்துவிட்டது என்று விமானி தவறாக எண்ணிவிட்டார் என்பதும், தரைக் கட்டுப்பாட்டு அதிகாரி அளித்த தகவல் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தவை. சதி என்ற பேச்சு இன்றும் சமூக ஊடகங்களில் உலவுகிறது. அதற்கு நிரூபணம் எதுவும் இல்லை.

அவருக்குப் பின் ஆணையத்தின் தலைமையை ஏற்ற விக்ரம் சாராபாய், வெடிப்பு ஆய்வுக்கு ஆதரவளிக்கவில்லை. ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் பாதுகாப்பு வந்துவிடாது. அதைக் கொண்டுசெல்லும் கருவிகளும், ரேடார் வலையமைப்பும், அவற்றைத் தாங்கும் தொழில் வளமும் வேண்டும் என்பது அவர் கருத்து. பாபாவின் விலைப்பட்டியலுக்கு அவர் பெயரைச் சொல்லாமலே அளிக்கப்பட்ட மறுப்பாக இதைக் கொள்ளலாம். 1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி 1-க்கு முன் அணு வெடிப்பு நிகழ்த்திய நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்றது. பாபா கேட்ட 18 மாதங்கள் 1964 அக்டோபரில் தொடங்கியிருந்தால் இந்தியாவும் அந்த வரிசையில் இடம்பெற்றிருக்கும் என்ற ஆதங்கம் பாதுகாப்பு வட்டாரங்களில் இன்னும் ஒலிக்கிறது. ஆய்வாளர்கள் பலர் அந்த 18 மாதக் கணக்கையே மிகையானதாகக் கருதுகின்றனர். புளூட்டோனிய ஆலை அப்போதுதான் இயங்கத் தொடங்கியிருந்தது. வெடிகருவியை வடிவமைக்கும் குழு உருவாகவே இல்லை.

உண்மையில் அதற்கு மேலும் பத்தாண்டுகள் ஆயின. 1974 மே 18 அன்று ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா நிலத்தடியில் அணு வெடிப்பை நிகழ்த்தி, அதனை ஆக்கப் பணிக்கான வெடிப்பு என்று அறிவித்தது. வழிநடத்தியவர் ராமண்ணா. குழுவில் இருந்த சென்னையைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆர். சிதம்பரம், 1998 மே மாதச் சோதனைகளின்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்தார். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தலைமையில் அப்போது ராமேசுவரத்தின் அப்துல் கலாம் இருந்தார். இம்முறை ஆக்கப் பணி என்ற சொல் பயன்படுத்தப்படவில்லை.

1974 வெடிப்புக்கான புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து வந்தது. கனடா அணுசக்தி ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. அணுப்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வல்லரசுகள் தனிக் குழு அமைத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு காண்பதற்காக இந்தியா தன் ஆக்கப் பணி உலைகளையும் ஆயுதத் திட்டத்தையும் தனித்தனியே பிரித்துப் பட்டியலிட்டபோது, அந்த உலையை மூடவும் ஒப்புக்கொண்டது. 2010 டிசம்பர் 31 அன்று சைரஸ் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.